நான்காவது பொத்தான்

தலைமை ஆசிரியருக்குப் பிள்ளைகள் 'நூறு சார்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். தெரிந்து, உள்ளூர மகிழ்ந்தும் போயிருந்தார். வருகையா, நூற்றுக்கு நூறு வேண்டும். தேர்ச்சியா, நூற்றுக்கு நூறு. கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று மேலிடத்திலிருந்து யாராவது கேட்டால்கூட, "நூத்துக்கு நூறு இருக்கு" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். போய்ப் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள், அதை விடுங்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு உலகத்தில் ஆகாத வார்த்தை ஒன்றே ஒன்று. 'தெரியாது.'

அதற்குக் காரணம் இருந்தது. போன வருடம் கல்வி அதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்தார். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அம்மாள். அதிகம் பேச மாட்டார், எதற்கும் "ம்" என்று மட்டும் சொல்வார். ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்த நெட்டையனை எழுப்பி, "எறும்பு எப்படிப்பா வரிசை தப்பாம போகுது?" என்று கேட்டார். நெட்டையன் கூரையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், "தெரியாது மேடம்" என்றான். அதிகாரியம்மா "ம்" என்றுவிட்டு நகர்ந்தார்.

அந்த "ம்" நூறு சாரின் காதில் விழுந்தது. வருடம் முழுக்க ஒலித்துக்கொண்டே இருந்தது. அதிகாரியம்மாவின் கார் வாசலைத் தாண்டியதுமே நெட்டையனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏன்டா, தெரியலன்னா ஏதாவது சொல்லி வைக்கறதுதானே? வாய்ல வந்ததச் சொல்லு. தப்பாவே சொல்லு. ஆனா அந்த வார்த்தை மட்டும் இனிமே உன் வாய்ல இருந்து வரக் கூடாது. புரிஞ்சுதா?"

நெட்டையனுக்குப் புரிந்தது. சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. அன்றிலிருந்து எந்த ஆசிரியர் எதைக் கேட்டாலும் "ஒளிச்சேர்க்கை" என்று சொல்லத் தொடங்கினான். ஒரே ஒரு முறை, அறிவியல் தேர்வில், அது சரியான விடையாகவும் அமைந்துவிட்டது. அதன்பிறகு கேட்கவே வேண்டாம். கணக்கு வகுப்பில் முக்கோணத்தின் பரப்பளவைக் கேட்டாலும் ஒளிச்சேர்க்கைதான். முதலில் கோபப்பட்ட ஆசிரியர்கள் பிறகு சிரித்தார்கள், அதற்கும் பிறகு அவனைக் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

இந்த வருடம் புதிதாக ஒரு சயின்ஸ் டீச்சர் வந்து சேர்ந்தார். அவர் வந்த கையோடு ஒரு பெட்டியும் வந்தது. உள்ளே நாற்பது டேப், கையடக்கத் திரைக் கணினிகள். கல்வி அலுவலகம் சோதனைக்காகக் கொடுத்தது. ஒழுங்காகப் பயன்படுத்தினால் பெட்டி இங்கேயே தங்கும், இல்லையென்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்குப் போய்விடும். அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர் நூறு சாரோடு ஒன்றாகப் படித்தவர், எப்போது பார்த்தாலும் "உங்க ஸ்கூல்ல எப்படி?" என்று விசாரிக்கிற பேர்வழி. அவர் கையில் இந்தப் பெட்டி போவதை நினைத்தாலே நூறு சாருக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு நாள் நடைக்கூடத்தில் போய்க்கொண்டிருந்தவருக்கு எட்டாம் வகுப்பிலிருந்து சந்தைக்கடைச் சத்தம் கேட்டது. விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார். பிள்ளைகள் பெஞ்சுக்குப் பெஞ்சு திரும்பி உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சரோ ஜன்னலோரம் கை கட்டிக்கொண்டு சந்தோஷமாக நின்றிருந்தார். சுவரில் இருந்த திரையில் 'நிழலில் போட்ட ஈரத்துணி எப்படிக் காய்கிறது?' என்று ஒரு கேள்வி. அதற்குக் கீழே நான்கு கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு நீளம். அதில் எல்லாவற்றையும் விட நீளமாக இருந்த நான்காவது கோட்டின் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்ததும் நூறு சாருக்குத் தலை சுற்றியது.

'எனக்குத் தெரியல.'

"டீச்சர்! என்ன இது?"

"ஓட்டு, சார். முதல்ல ஒவ்வொருத்தரும் தனியா யோசிச்சு டேப்ல போடுவாங்க. எல்லாரும் போட்டு முடிக்கிற வரைக்கும் முடிவு திரையில வராது. அப்புறம் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட காரணம் சொல்லி அவங்களத் தன் பக்கம் இழுக்கணும். அதுக்கப்புறம் மறுபடி ஓட்டு."

"இருபது பேர் தெரியலன்னு போட்டிருக்கு! அதை இவ்வளவு பெருசா சுவத்துல வேற போட்டுக் காட்டறீங்க!"

"அதுல இருந்துதான் சார் பாடமே ஆரம்பிக்குது."

"யார் யாரு அந்த இருபது பேரு?"

"எனக்கே தெரியாது சார். பேர் வராது. வந்தா முதல் பெஞ்சு எதைப் போடுதோ அதையேதான் எல்லாரும் போடுவாங்க."

டீச்சருக்கே தெரியாதாம்! இந்த வார்த்தையைச் சொல்வதில் ஆசிரியருக்குக்கூட வெட்கம் இல்லாமல் போய்விட்டதே என்று நூறு சார் நொந்துபோனார். அவருக்கு இந்த ஓட்டு விவகாரமே பிடிக்காது. வீட்டில் மகள் குடும்பக் குழுவில் இதே மாதிரி ஒன்றை ஆரம்பித்து வைத்திருந்தாள். கூடத்துச் சுவருக்கு என்ன வண்ணம் என்று கேள்வி. மனைவி, மகள், மகன் மூவரும் சந்தன நிறம், அவர் மட்டும் பச்சை. 'பச்சைதான்' என்று தனியாக ஒரு செய்தியும் போட்டார். 'ஏன்?' என்று மகள் ஒற்றைச் சொல்லில் கேட்டாள். பதில் எழுத ஆரம்பித்து, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

அந்த வாரமே அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. வியாழக்கிழமை அதிகாரியம்மா வருகிறார், டேப் வகுப்பைப் பார்த்துவிட்டுப் பெட்டியைப் பற்றி முடிவு சொல்வார். அதே அம்மாள். அதே "ம்".

நூறு சார் டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வியாழக்கிழமை என்ன கேள்வி கேக்கப் போறீங்க?"

"தராசு மேல ஒரு டம்ளர் தண்ணி வெப்பேன், சார். அதுக்குள்ள ஒரு விரல விடணும். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. தராசு காட்டற எடை கூடுமா, குறையுமா, மாறாதா? இதான் கேள்வி."

"நல்லது. விடை என்ன?"

"அதைப் பிள்ளைங்களே கண்டுபிடிக்கணும் சார். முன்னாடியே சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்கு?"

"பிள்ளைங்களுக்குச் சொல்ல வேணாம். எனக்குச் சொல்லுங்க."

டீச்சர் சிரித்தார். "உங்களுக்குத் தெரியாததா, சார்?"

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார். தெரியாது என்று சொல்ல அவரால் முடியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதெல்லாம் தெரியும், நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்த்தேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு. அந்த நாலாவது பொத்தான் மட்டும் வேணாம். எடுத்துடுங்க."

"சார், அது இல்லன்னா தெரியாதவங்களும் குத்துமதிப்பா எதையாவது அமுக்கிடுவாங்க. எது யோசிச்சுப் போட்டது, எது சும்மா போட்டதுன்னே தெரியாது."

"பெட்டி வேணுமா, வேணாமா?"

டீச்சருக்கு வேறு வழி இல்லை. பெட்டி வேண்டும். அதுவரை வாயே திறக்காத பிள்ளைகள் அந்தப் பெட்டி வந்த பிறகுதான் வாதாடக் கற்றிருந்தார்கள். "சரி சார்" என்று மென்று விழுங்கிவிட்டுப் போனார்.

அன்று மாலை வீட்டில், சமையலறை மேடையோரம் நின்றபடி நூறு சார் கேள்வியை மனைவிக்கு விளக்கினார். அந்த அம்மாள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர், எதையும் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார்.

"இதுல என்ன இருக்கு?" என்றார் நூறு சார். "விரல் என் கையில ஒட்டிக்கிட்டிருக்கு. அதோட பாரம் என் தோள் மேல. டம்ளரத் தொடவே இல்ல. அப்புறம் எடை எப்படி மாறும்? மாறாது. மூணாவது விடை."

"ஏங்க, கேக் செய்ய வாங்கின தராசு அந்த ஷெல்ஃபுலதான் இருக்கு. ஒரு டம்ளர் தண்ணி வெச்சு விரல விட்டுப் பார்த்துடுங்களேன்."

"இதுக்குப் போய் பரிசோதனையா? மூளை எதுக்கு இருக்கு?"

"அதையும்தான் கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்" என்று சொல்லிவிட்டு மனைவி அடுப்பைத் துடைக்கப் போய்விட்டார். தராசு ஷெல்ஃபிலேயே இருந்தது.

மறுநாள் டீச்சர் வேறு வகுப்பில் இருந்த நேரம் பார்த்து நூறு சார் எட்டாம் வகுப்புக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார்.

"நாளைக்கு ஒரு கேள்வி வரும். தண்ணி, தராசு, விரல். மூணு பொத்தான் இருக்கும். எல்லாரும் மூணாவதை அமுக்கணும். எதை?"

"மூணு சார்!"

"எத்தனை பேரு?"

"நூத்துக்கு நூறு சார்!"

வாயெல்லாம் பல்லாகத் திரும்பியவரை ஒரு குரல் நிறுத்தியது. இரண்டாவது பெஞ்சில், எதைச் சொன்னாலும் "ஆனா" போட்டுக்கொண்டு எழுந்து நிற்கும் ஒரு பெண். வகுப்பில் அவளை 'ஆனா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஆனா சார், ஏன் மூணு?"

"ஏன்னா மாறாது."

"ஆனா ஏன் சார் மாறாது?"

"அதான் சொல்றேனே, மாறாதும்மா. அதனாலதான் மூணு."

ஆனா உட்கார்ந்தாள். உட்கார்ந்தாளே தவிர, அவள் முகம் உட்காரவில்லை.

வியாழக்கிழமை வந்தது. அதிகாரியம்மாவின் கார் வாசலுக்கு வந்த செய்தி கேட்டு, நூறு சார் படித்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். மூக்குக்கண்ணாடி மேசையிலேயே தங்கிவிட்டது. அதிகாரியம்மாவை வரவேற்று, எட்டாம் வகுப்புக்கு அழைத்துப் போய், பின்வரிசையில் நாற்காலி போட்டுக் கொடுத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் கண் மங்கலாக இருப்பது அவருக்கு உறைத்தது. இனி எழுந்து போனால் மரியாதையாக இருக்காது என்று இருந்துவிட்டார்.

டீச்சர் தராசையும் டம்ளரையும் மேசை மேல் வைத்தார். திரையில் ஒரு எண் வந்தது. அந்த எண்ணைப் போட்டால் டேப் மட்டுமல்ல, எந்த ஃபோனிலும் கேள்வி வரும் என்று டீச்சர் முன்பே ஒரு முறை சொல்லிக் காட்டியிருந்தார். நூறு சாருக்கு அப்போது ஒரு யோசனை உதித்தது. பிள்ளைகளை நம்ப முடியாது, நம் பக்கத்துக்கு ஒரு கை கூட இருந்தால் நல்லதுதானே? திரையில் கொட்டை எழுத்தில் இருந்த எண்ணைப் பார்த்து, மடியில் ஃபோனை மறைத்து வைத்துக்கொண்டு தட்டினார். கேள்வி வந்தது. அப்பாவுக்குக் கண் தெரியவில்லையே என்று மகள் அந்த ஃபோனில் எழுத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி வைத்திருந்தாள். கேள்வியே திரை முழுக்க அடைத்துக்கொண்டது. அதன் அடியில் ஒரு பொத்தான் தெரிந்தது. எழுத்து மங்கலாக இருந்தாலும் என்ன, கடைசியில் இருப்பதுதானே மூன்றாவது? நிம்மதியாக அமுக்கினார். பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் வந்தது. ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எல்லாரும் போட்டாச்சா? பார்க்கலாமா?" என்றார் டீச்சர்.

திரையில் கோடுகள் வளர்ந்தன. மூன்றாவது கோடு ஓடி ஓடி ஓரத்தைத் தொட்டது. முப்பத்தெட்டு. நூறு சாருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நொடியே முகம் மாறியது. முதல் வரியில், 'கூடும்' என்ற இடத்தில், குட்டியாக ஒரு கோடு எட்டிப் பார்த்தது. அதன் பக்கத்தில் ஒன்று.

"ம்" என்றார் அதிகாரியம்மா.

அந்த "ம்" நூறு சாரைச் சும்மா இருக்கவிடவில்லை. துள்ளி எழுந்தார். "யார் அது? ஒண்ணு போட்டது யாரு? எழுந்திரு!"

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"இவ்வளவு சொல்லியும்... யாருன்னு நீங்களே சொல்லிடுங்க. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். வகுப்புக்கு வெளியில நின்னா போதும்."

"சார்," என்றார் டீச்சர் மெதுவாக, "யாருன்னு கேக்க மாட்டேன்னு நான் பிள்ளைங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

நூறு சார் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சரி, இப்போ பக்கத்துல இருக்கறவங்கள உங்க விடைக்கு இழுங்க" என்றார் டீச்சர்.

வழக்கமாக இந்த இடத்தில் கூரை பிய்த்துக்கொண்டு போகும். இன்று கப்சிப். எல்லாரும் மூன்று, யார் யாரை இழுப்பது? பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சரின் நெற்றி சுருங்கியது. முப்பத்தெட்டு பேரும் ஒரே விடை, ஆனால் ஒருவரிடமும் காரணம் இல்லை. இப்படி ஒரு வகுப்பை அவர் பார்த்ததே இல்லை.

அதிகாரியம்மா எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போனார். இந்த வருடம் எட்டாம் வகுப்புக்கு வந்திருந்த நெட்டையன் பக்கத்தில் நின்றார்.

"நீ எதுப்பா போட்ட?"

"மூணு மேடம்."

"ஏன் மூணு?"

நெட்டையன் கூரையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். பிறகு தலைமை ஆசிரியரைப் பார்த்தான். சொல்லக் கூடாத வார்த்தை தொண்டை வரை வந்து நின்றது அவன் முகத்தில் தெரிந்தது. சொன்ன சொல் கேட்கிற பிள்ளை அதை விழுங்கினான்.

"ஒளிச்சேர்க்கை, மேடம்."

அதிகாரியம்மா தண்ணீர் டம்ளரைத் திரும்பிப் பார்த்தார். நூறு சார் மின்விசிறியைப் பார்த்தார். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. இந்த விடை அந்த வகுப்புக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

அப்போதுதான் ஆனா எழுந்தாள்.

"டீச்சர், நான் ஒண்ணு போடல. ஆனா ஒண்ணு போட்டவங்க ஏன் அப்படிப் போட்டிருப்பாங்கன்னு யோசிச்சேன். குளிக்கற பக்கெட்டுல காலி மக்கைக் கவுத்து அமுக்கினா, அது கையை மேல தள்ளுமே? அப்படின்னா விரல விட்டாலும் தண்ணி விரல மேல தள்ளணும். அது மேல தள்ளினா, நாம அதைக் கீழ தள்ளறோம்னுதானே அர்த்தம்? அந்தக் கீழ தள்ளறது எங்க போகும்? தராசு மேலதானே போகும்?"

"விரலு என்ன மக்கா?" என்றான் முன் பெஞ்சுக்காரன் ஒருவன். "மக்கு பெருசு. விரல் இத்துனூண்டு."

"அப்போ கொஞ்சமாத் தள்ளும். ஆனா தள்ளும்ல?"

"ஆனா அது டம்ளரத் தொடவே இல்லையே!"

"நீ தொடல. தண்ணி தொடுதே!"

பிடித்துக்கொண்டது. பெஞ்சுகள் திரும்பின. ஒருத்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்து பேனாவை உள்ளே விட்டுக் காட்டினாள், இன்னொருவன் நீச்சல் தெரிந்தவன் என்ற உரிமையில் எழுந்து நின்று பேசினான். நெட்டையன்கூடத் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் விட வேடிக்கை, நூறு சார் தன்னை மறந்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இல்லம்மா, அது எப்படி? பாரம் என் தோள்லல்ல இருக்கு!" என்று ஆனாவிடம் கையை ஆட்டி வாதாடிக்கொண்டிருந்ததுதான். தலைமை ஆசிரியரின் தோளைப் பற்றி எட்டாம் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து விவாதித்தது.

மறுபடி ஓட்டு. நூறு சார் வாதத்தின் சூட்டில் ஃபோனை எடுக்கவே மறந்துபோனார். திரையில் 'கூடும்' இருபத்தொன்று, 'குறையும்' இரண்டு, 'மாறாது' பதினைந்து என்று கோடுகள் கோணல்மாணலாக நின்றன. அவருடைய அழகான ஒற்றைக் கோடு போன இடம் தெரியவில்லை.

"விரல யார் விடறது?" என்றார் டீச்சர். "சார், நீங்களே வாங்களேன். மாறாதுன்னு அவ்வளவு சொன்னீங்களே."

நூறு சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கம்பீரமாக முன்னால் போனார். தராசு நானூற்றுப் பன்னிரண்டு என்று காட்டியது. ஆட்காட்டி விரலைத் தண்ணீருக்குள் இறக்கினார். முன் பெஞ்சு முழுக்க மேசை மேல் சாய்ந்தது.

"நானூத்தி இருபத்தி மூணு!" என்று கத்தினாள் ஆனா.

நூறு சார் விரலை எடுத்தார். எண் இறங்கியது. விட்டார். ஏறியது. விரலைத் துடைத்துக்கொண்டு நடுவிரலை விட்டார். இன்னும் கொஞ்சம் அதிகமாக ஏறியது. கையை மாற்றிப் பார்த்தார். தராசுக்கு இடது கை, வலது கை என்ற பேதமெல்லாம் இல்லை.

"தராசு பழுதோ?"

"இல்ல சார்" என்றார்கள் பிள்ளைகள், நூற்றுக்கு நூறு பேர்.

அதிகாரியம்மா இப்போது முன்னால் வந்து நின்றார். "முதல் தடவை, எல்லாரும் ஒரு பக்கம் நின்னப்ப, ஒருத்தர் மட்டும் தனியா சரியாப் போட்டிருக்காங்க. யாருன்னு கேக்க மாட்டேன். ஆனா அவங்களே சொல்ல விரும்பினா, கேக்க ஆசையா இருக்கு."

பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆனா மேடம்," என்றாள் ஆனா, திரையைப் பார்த்தபடி, "நாங்க மொத்தமே முப்பத்தெட்டு பேருதான். எல்லாரும் மூணு போட்டோம். அந்த ஒண்ணையும் சேர்த்தா முப்பத்தொம்பது வருது."

வகுப்பு தன்னைத்தானே எண்ணிப் பார்த்துக்கொண்டது. டீச்சரின் கையில் டேப் இல்லை. அதிகாரியம்மா தன் கைப்பையைத் திறக்கவே இல்லை.

"அந்த முப்பத்தொம்பதாவது நான்தான்" என்றார் நூறு சார் பெருந்தன்மையோடு. "நானும் ஒரு ஓட்டு போட்டேன். ஆனா மூணாவதுதான் போட்டேன். அதனால உங்கள்ல ஒருத்தர்தான்..." சொல்லிக்கொண்டே ஃபோனை எடுத்து அதிகாரியம்மாவிடம் நீட்டினார்.

அதிகாரியம்மா கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "உங்கள் விடை: கூடும்."

பிள்ளைகள் அனைவரும் ஒரே சமயத்தில் நூறு சார் பக்கம் திரும்பினார்கள்.

"அடேயப்பா!" என்றார் அதிகாரியம்மா. இந்தப் பள்ளியில் அவர் வாயிலிருந்து "ம்" அல்லாமல் வந்த முதல் வியப்பு. "நீங்களா சார்? பிள்ளைங்களோட வாதாடினதெல்லாம் சும்மா தூண்டிவிடவா? நல்லா நடிச்சீங்க. சொல்லுங்க, ஏன் 'கூடும்'னு போட்டீங்க?"

நூறு சாருக்கு முன்னால் கதவு அகலமாகத் திறந்து கிடந்தது. உள்ளே நுழைந்தால் போதும். காரணமும் கையிலேயே இருந்தது. தண்ணீர் விரலை மேலே தள்ளும், விரல் தண்ணீரைக் கீழே தள்ளும். இரண்டு வாக்கியம். பெட்டி நிச்சயம், பாராட்டும் நிச்சயம், பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்காரன் ஒரு மாதம் தூங்க மாட்டான். வாயைத் திறந்தார்.

எதிரே ஆனா நின்றிருந்தாள். இந்த வருடம் முழுக்க அவரைச் சந்தேகத்தோடு மட்டுமே பார்த்த பெண், இப்போது கண்ணை அகல விரித்து, நிஜமான மரியாதையோடு பார்த்தாள். அந்த இரண்டு வாக்கியமும் அவளுடையது. பக்கெட்டும் மக்கும் வைத்து அவள் யோசித்துக் கண்டுபிடித்தது. அதை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள நினைத்தபோது நூறு சாருக்கு உடம்பு கூசியது. இத்தனை வருட வேலையில் அவருக்கு அவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை.

"தெரியல" என்றார்.

குரல் சரியாக வரவில்லை. மறுபடி சொன்னார். "ஏன்னு எனக்குத் தெரியல மேடம். கண்ணாடிய மேசையில விட்டுட்டு வந்துட்டேன். கடைசிப் பொத்தான்னு நெனச்சு அமுக்கினேன், அது முதல் பொத்தானா இருந்திருக்கு. நான் மூணாவதுன்னுதான் நெனச்சேன். நேத்து கதவைச் சாத்திட்டு இவங்க எல்லாரையும் மூணு போடச் சொன்னதும் நான்தான். நாலாவதா 'தெரியல'ன்னு ஒரு பொத்தான் இருந்துச்சு, டீச்சர் வேணும்னு சொல்லியும் அதை எடுக்க வெச்சதும் நான்தான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, கடைசி பெஞ்சைப் பார்த்தார். "அந்தப் பையன் ஒளிச்சேர்க்கைன்னு சொல்றானே, அதுக்கும் நான்தான் காரணம்."

சயின்ஸ் டீச்சர் திரும்பி, பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். பலகையில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"ம்" என்றார் அதிகாரியம்மா. கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். "முதல் ஓட்டு வந்தப்பவே பெட்டிய அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பிடலாம்னு முடிவு பண்ணிட்டேன் சார். முப்பத்தெட்டு பேருக்கும் ஏற்கெனவே தெரிஞ்சிருந்தா, இந்தப் பெட்டிக்கு இங்க என்ன வேலை? அதுக்கப்புறம் நடந்துச்சே, அதுக்காகத்தான் நாங்க பெட்டியே கொடுத்தோம். இங்கயே இருக்கட்டும்."

நூறு சார் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தார். அப்போது கடைசி பெஞ்சில் நெட்டையன் எழுந்து நின்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை. போன வருடத்துக்குப் பிறகு அவன் தானாக எழுந்து நின்றது இதுதான் முதல் தடவை.

"அப்போ இனிமே சொல்லலாமா சார்?"

"என்னடா?"

"தெரியாதுன்னு."

நூறு சார் நெட்டையனைப் பார்த்தார். அந்தப் பையனை ஒரு வருடம் முழுக்க ஒரே ஒரு சொல்லுக்குள் பூட்டி வைத்திருந்தோம் என்பது இப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது. "சொல்லலாம்டா. தாராளமா சொல்லலாம்." பிறகு ஆசிரியர் புத்தி எட்டிப் பார்த்தது. "ஆனா..."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஆனா வாயைப் பொத்திக்கொண்டாள். நூறு சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆனா, சொல்லிட்டு உக்காந்துடக் கூடாது. அப்புறம் தேடணும்."

"சரி சார்" என்றான் நெட்டையன்.

மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. டீச்சர் அடுத்த கேள்வியைப் போட்டார். விளிம்பு வரை தண்ணீர் நிரம்பிய டம்ளரில் ஐஸ் கட்டி மிதக்கிறது, அது முழுக்கக் கரைந்தால் தண்ணீர் வழியுமா? இந்தத் தடவை கீழே நான்கு விடைகள். நூறு சார் அறைக்குப் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, பின்வரிசையில் உட்கார்ந்து ஃபோனைத் திறந்தார். வழியும், இதில் என்ன யோசனை என்று பெருவிரல் பாய்ந்தது. பாய்ந்த விரல் பாதியில் நின்றது. ஐஸ் பெட்டி வீட்டில் இருக்கிறது, டம்ளர் இருக்கிறது. எழுத்தை மெல்ல மேலே தள்ளித் தள்ளி, கடைசி வரை போய், படித்துப் பார்த்து, மறுபடி ஒரு முறை படித்துப் பார்த்து அமுக்கினார்.

முடிவு திரையில் வந்தது. நான்காவது கோட்டில் இரண்டு ஓட்டு. அதில் ஒன்று நெட்டையனுடையது. ஓட்டு ரகசியம் என்பதை மறந்து, "எனக்குத் தெரியல டீச்சர்!" என்று அவனே சத்தமாகச் சொல்லிவிட்டான். மற்றது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. நூறு சார்தான் தானாகக் கையைத் தூக்கினார்.